யானை புகுந்த ஊர்

“சாமி, அந்த ஊர்ல வாழ போட்டிருந்தவுக எல்லாருமே கெட்டவுகளா?”

கடையநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் கோடை விடுமுறை மறைக்கல்வி வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பத்து வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. காலை பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி ஏறாது என்பதை இருபத்தைந்து ஆண்டுக் குருத்துவ வாழ்வு எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆதலால் அந்த வேளையைக் கதைக்கென்று ஒதுக்கி, என் இளமையில் என்னைக் கட்டிப்போட்ட மௌக்லியின் கதையைப் பத்து நாளுக்கும் பகுத்துச் சொல்லிவந்தேன். எட்டாம் நாள் யானைகள் வந்தன. ஹாத்தி என்னும் கிழ யானையும் அதன் மூன்று மக்களும் மனிதரின் ஊருக்குள் புகுந்து வயலையும் வீட்டையும் துவம்சம் செய்கிற இடம். பிள்ளைகள் கைதட்டினார்கள், சிலர் எழுந்து நின்று தும்பிக்கையாய்க் கையை வீசிக் காட்டினார்கள். அவன் மட்டும் தட்டவில்லை. அவன் தகப்பனாரின் வாழைத்தோட்டத்தில் அதற்கு மூன்று வாரம் முன்புதான் யானைகள் இறங்கியிருந்தன. குலை தள்ளிய மரங்கள் ஒரே இரவில் போயின.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மூலக் கதையில் அந்த ஊரில் வாழை கிடையாது, தானியப் பயிர்தான். நம் பிள்ளைகளுக்கு விளங்கட்டுமே என்று வாழையை அங்கே நட்டவன் நான். நட்டது நான், மிதிக்க விட்டதும் நான். கேள்வி கேட்டவனுக்கு அன்று நான் சொன்ன பதில், “நாளைக்குச் சொல்கிறேன் தம்பி” என்பதுதான். குருக்கள் இப்படிச் சொன்னால் பதில் தெரியவில்லை என்று பொருள். இதைப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள்.

அன்றிரவு அந்த நூலை மீண்டும் எடுத்தேன். ருட்யார்ட் கிப்ளிங் 1894-ஆம் ஆண்டு ‘ஜங்கிள் புக்’ என்னும் கதைத்தொகுதியையும், 1895-இல் அதன் இரண்டாம் தொகுதியையும் வெளியிட்டார். கதை நிகழும் இடம் இன்றைய மத்தியப் பிரதேசத்துச் சிவனிக் காடு. ஆனால் அவர் அந்தக் காட்டைக் கண்ணால் கண்டதில்லை. பம்பாயில் 1865-இல் பிறந்த அவர், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பனிக்கு நடுவே அமர்ந்து, பிறர் எழுதிய நூல்களையும் தம் நினைவையும் துணையாகக் கொண்டு இக்கதைகளை எழுதினார்.

எனக்கு இவை வந்து சேர்ந்த வழி வேறு. அட்டை கிழிந்த ஒரு தமிழ்ச் சுருக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியின் அலமாரியில் இருந்தது. புலி செத்தவுடன் அந்தச் சுருக்கம் முடிந்துவிடும். சாரணர் இயக்கத்தின் குருளையர் படையில் சேர்ந்தபோது எங்கள் ஆசிரியரை ‘அகேலா’ என்று அழைக்கச் சொன்னார்கள். பேடன் பவல் 1916-இல் குருளையர் இயக்கத்தைத் தொடங்கியபோது இந்நூலிலிருந்தே பெயர்களை எடுத்துக்கொண்டார் என்பதை நான் அறிந்தது மிகப் பிந்தி. அறிந்திருந்தாலும் எங்கள் ஆசிரியரை ஓநாய்த் தலைவராக எண்ணிப் பார்ப்பது கடினம். அவர் பூனையைக் கண்டாலே ஒதுங்குவார். பின்னர் 1993-இல் குருமடத்துத் தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் ஜப்பானியர் வரைந்த மௌக்லி இந்தி பேசிக்கொண்டு வந்தான். மொழி புரியாமலே பார்த்தோம். கதை தெரிந்தவர்களுக்கு மொழி எதற்கு?

இவ்வளவு உறவு கொண்டாடிய ஒரு நூலை ஐம்பது வயதுக்கு மேல் திறந்து வாசிப்பது, பிறந்த வீட்டுக்குப் பல்லாண்டு கழித்துத் திரும்புவது போன்றது. திண்ணை அதே திண்ணைதான். ஆனால் நாம் குனிந்து நுழைய வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். மனிதக் குழந்தையொன்று ஓநாய்க் குகைக்குள் தவழ்ந்து வருகிறது. கூட்டத்தில் சேர்ப்பதா, புலியிடம் கொடுத்துவிடுவதா என்று ஓநாய்கள் அவை கூடி வழக்காடுகின்றன. குழந்தைக்காகப் பேச, பெற்றோர் அல்லாத இருவர் வேண்டும் என்பது சட்டம். கரடியாகிய பாலு பேசுகிறது. கருஞ்சிறுத்தையாகிய பகீராவுக்கு அவையில் பேச உரிமை இல்லை. ஆயினும் சட்டத்தில் விலை கொடுத்து உயிரை மீட்க இடமுண்டு என்று எடுத்துக்காட்டி, தான் அப்போதுதான் அடித்த காளையொன்றை விலையாகக் கொடுக்கிறது. குழந்தை பிழைக்கிறது. புதுக்குருவாக இருந்தபோது மீட்பைப் பற்றி மறையுரை ஆற்ற இந்தக் காட்சியைப் பலமுறை எடுத்தாண்டேன். அநாதைக்காக யாரோ ஒருவர் எழுந்து நின்று பேசுவதும், யாரோ ஒருவர் விலை கொடுப்பதும் விவிலியத்தின் காற்று பட்டவர்களுக்கு உடனே விளங்கும். அந்தக் காளையைப் பற்றி நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அதுவும் யாரோ ஓர் உழவனின் தொழுவத்தில் நின்றிருக்கும்.

அடுத்தது ஷேர்கான். சிறுவயதில் எங்களுக்கு அந்தப் புலி ஏரோதுக்கு ஒப்பானவன். குழந்தையைக் கொல்லத் தேடுகிறவன் வேறு யார்? வறண்ட ஓடைப் பள்ளத்தில் இருபுறமும் எருமைக் கூட்டத்தை ஓட்டி மௌக்லி அவனை மிதிக்கச் செய்தபோது மகிழ்ந்து கூத்தாடினோம். இப்போது வாசிக்கையில், சுருக்கத்தில் இல்லாத ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஷேர்கான் பிறவியிலேயே ஒரு கால் ஊனமுற்றவன். அவனைப் பெற்ற தாயே நொண்டி என்று பொருள்படும் பெயரால்தான் அவனை அழைத்தாள். ஓடும் மானை விரட்டிப் பிடிக்க இயலாதவன் ஆகையால் கட்டிக் கிடக்கும் மாடுகளை அடித்தான். அதனால் ஊரார் பகை வந்தது. ஊரார் பகை தங்கள் மேலும் திரும்பும் என்பதால் காட்டு விலங்குகளின் பகையும் வந்தது. இவ்வளவும் முதல் கதையின் முதல் சில பக்கங்களிலேயே இருக்கிறது. கிப்ளிங் மறைக்கவில்லை. ஆனால் இரங்கவும் இல்லை. நொண்டி என்பது அக்கதையில் வசைச் சொல் மட்டுமே.

வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் 1907-இல் குமாவோன் மலையில் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 மனிதரைக் கொன்றது என்பர். அதன் வாயைத் திறந்து பார்த்தபோது பழைய துப்பாக்கிக் காயத்தால் கோரைப் பற்கள் உடைந்திருக்கக் கண்டார். புலி மனிதனைத் தின்னத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் காயமோ மூப்போ காரணம் என்பது அவர் முடிவு. நாங்கள் கைதட்டிக் கொன்ற ஷேர்கானும், இயல்பான இரையைப் பிடிக்க முடியாத ஓர் ஊனமுற்ற விலங்கு. இதை அறிந்த பிறகும் அவன் குழந்தையைத் தின்ன விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மௌக்லி செய்தது தற்காப்பு. அறநெறி இயலில் நாங்கள் படித்த எந்த அளவுகோலாலும் அது குற்றமாகாது. ஆனால் குற்றமற்ற கொலையைக் கொண்டாடலாமா என்பது வேறு கேள்வி.

இதே தொகுதியில் கீரிப்பிள்ளை கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் பங்களாவில் வளரும் கீரி, அந்த வீட்டாரைக் கொல்லத் திட்டமிடும் நாகத்தையும் அதன் பெண்துணையையும் அழிக்கிறது. மண்ணில் புதைந்திருந்த முட்டைகளை ஒன்றொன்றாய் உடைத்து, கடைசி முட்டையை வாயில் கவ்விக்கொண்டு தாய்ப்பாம்பின் முன் வந்து நிற்கிறது. தாய் அந்த ஒரு முட்டையைத் தந்துவிடும்படி கெஞ்சுகிறது. சிறுவயதில் அந்தக் கெஞ்சல் எனக்குக் கேட்கவே இல்லை. இப்போது அந்தப் பக்கத்தைக் கடப்பது எளிதாக இல்லை. பாம்பைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. தொட்டிலுக்கு அருகே பாம்பு நின்றால் நானும் தடியைத்தான் தேடுவேன்.

தமிழன் சொன்ன கீரிக் கதையையும் உடன் வைத்துப் பாருங்கள். குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை, அதன் வாயில் இருந்த இரத்தத்தைக் கண்டு பதறிய தாய் அடித்துக் கொன்றுவிடுகிறாள். பஞ்சதந்திரத்தில் வரும் கதைதான். ஆனால் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை இதை இன்னும் ஓரடி நடத்திச் செல்கிறது. கீரியைக் கொன்ற அந்தப் பார்ப்பனப் பெண்ணைக் கணவன் விட்டுப் போய்விட, அவளுடைய பாவம் தீரத் தானம் செய்து, கணவனையும் தேடிச் சேர்த்துவைத்தவன் கோவலன் என்று மாடலன் கூறுகிறான். ஒரு கீரியின் உயிருக்குக் கழுவாய் தேவைப்படுகிறது. கிப்ளிங்கின் கீரி வென்ற கீரி. நம் கீரி இறந்த கீரி. அவருடைய கதை வெற்றியோடு முடிகிறது. நம் கதை ஒரு மனிதப் பெண்ணின் மனச்சான்றோடு தொடங்குகிறது. எது குழந்தைகளுக்கு ஏற்றது என்று கேட்டால், பிள்ளைகள் முந்தையதைத்தான் விரும்புவார்கள். நானும் விரும்பினேன்.

இனி யானைகளுக்கு வருவோம்.

புலியைக் கொன்ற மௌக்லியை ஊரார் மாயக்காரன் என்று கல்லெறிந்து துரத்துகிறார்கள். அவனைத் தன் காணாமற்போன மகனாக எண்ணிப் பால் கொடுத்து வளர்த்தவள் மெசுவா. அவளையும் அவள் கணவனையும் சூனியக்காரர் என்று கட்டிப்போட்டு எரிக்க நாள் குறிக்கிறார்கள். அவர்களுடைய நிலத்தையும் மாடுகளையும் பங்கு போட்டுக்கொள்வதும் உள்நோக்கம். இதில் ஊர்ப் பூசாரிக்கும் பங்கு உண்டு. அந்த இடத்தை வாசிக்கும்போது கோவிற்பணி செய்கிற எனக்குச் சற்றே உறுத்தியது என்பதை மறைக்கமாட்டேன். மௌக்லி இருவரையும் மீட்டு அனுப்பிவிடுகிறான். அதன்பின் ஹாத்தியை அழைத்து, அந்த ஊரே இருந்த இடம் தெரியாமல் காடாகட்டும் என்கிறான். முதலில் மானும் பன்றியும் பயிரைத் தின்கின்றன. யானைகள் தானியத்தை அழிக்கின்றன. மழை தொடங்கியதும் யானைகள் சுவர்களையே இடித்துத் தள்ளுகின்றன. மக்கள் ஓடிப்போகிறார்கள். உழுத நிலத்தின்மேல் பாகற்கொடி படர்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மௌக்லி ஒருவரையும் கொல்லச் சொல்லவில்லை. இரத்தம் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறான். பகீராவும் ஹாத்தியுமே தயங்குகின்றன. ஆக இது வெறும் வெறியாட்டம் அன்று. அளந்து செய்த தண்டனை. அதனாலேயே அதன் குறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. குற்றம் செய்தவர் சிலர், வீடிழந்தவர் அனைவர். கல்லெறியாதவர்களும் அந்த ஊரில் இருந்திருப்பார்களே? தொட்டிலில் கிடந்தவர்கள்? தொடக்க நூலில் சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பதில் தொடங்கிப் பத்து வரைக்கும் இறங்கிவந்து கடவுளிடம் பேரம் பேசினாரே, அந்தப் பேரத்தைப் பேச இந்தக் கதையில் ஒருவரும் இல்லை. நூற்று முப்பது ஆண்டு கழித்துக் கடையநல்லூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன்தான் அதைக் கேட்டான்.

ஆசிரியரின் வாழ்க்கையைக் கொண்டு நூலை எடைபோடுவது எனக்கு உடன்பாடான வழி அன்று. ஆயினும் சிலவற்றைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை. 1919-இல் அமிர்தசரஸில், ஜாலியன்வாலாபாகில் கூடியிருந்த மக்களைச் சுடச்சொன்ன டயருக்காக 1920-இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று நிதி திரட்டியபோது கிப்ளிங்கும் பணம் கொடுத்தார். ஓர் ஊரையே தண்டிப்பதில் தவறில்லை என்ற எண்ணம் கதையிலும் நிதியிலும் ஒரே வேரிலிருந்து முளைத்ததா? ஐயப்படுகிறேன், அதற்கு மேல் அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஏனெனில் இன்னொரு புறமும் உண்டு. ஐந்தாறு வயதில் அவரைப் பெற்றோர் இங்கிலாந்தில் அந்நியர் வீடொன்றில் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அங்கே அவர் பட்ட துன்பத்தை அவரே எழுதியிருக்கிறார். இரு உலகத்திலும் இடமில்லாத மௌக்லி எங்கிருந்து வந்தான் என்று தேட வேண்டியதில்லை. தம் மூத்த மகளுக்கென்று எழுதிய கதைகள் இவை. அவள் ஆறு வயதில், 1899-இல், நுரையீரல் காய்ச்சலால் இறந்தாள். மகன் 1915-இல் போரில் மடிந்தான். வெறுத்து ஒதுக்கவும் முடியாத, முழுமனதோடு தழுவவும் முடியாத மனிதர்.

“கதைதானே சாமி, விலங்குகள் மாறுவேடம் போட்ட மனிதர்தானே” என்று உடன் பணியாற்றும் இளைய குரு ஒருவர் என்னிடம் சொன்னார். பெரும்பாலும் அது சரி. நம் இலக்கியத்திலும் விலங்கு அப்படித்தான் வருகிறது. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு யானையைக் கொண்டே அறம் உரைத்தார். சிறு நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்கு வரும். யானை தானே வயலுக்குள் புகுந்தாலோ, நூறு வயலானாலும் தின்பதைவிடக் காலால் மிதிபட்டு அழிவதே மிகுதி. வரி கொள்ளும் அரசனும் அப்படியே என்பது அவர் கருத்து. ஈராயிரம் ஆண்டுக்கு முன் பாண்டிநாட்டுப் புலவர் சொன்ன அந்த விவசாயக் கணக்கு இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. சந்தேகம் இருப்பவர் கருப்பாநதிப் பக்கத்துத் தோட்டங்களைப் போய்ப் பார்க்கலாம்.

பிசிராந்தையாருக்கு யானை உவமை. கிப்ளிங்குக்கு யானை நீதிபதி. சென்னையில் மாடிவீட்டில் கதை கேட்கும் குழந்தைக்கும் யானை வேடம்தான். புத்தகத்தை மூடினால் வேடம் கலைந்துவிடும். எங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் புத்தகத்தை மூடிய பிறகும் இரவு பதினொரு மணிக்கு யானை மலையிறங்கி வருகிறது. அவனுக்கு அது வேடமாகுமா?

யானை ஏன் இறங்குகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. ஒரு யானைக்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ அளவுக்குத் தீனி வேண்டும். அகத்தியமலைப் பகுதிக் காட்டுக்கும் பெரியாறு பகுதிக் காட்டுக்கும் இடையே செங்கோட்டைக் கணவாய் இருக்கிறது. அங்கே நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் குடியிருப்புகளும் தோட்டங்களும் குறுக்கே வந்துவிட்டன. கோடையில் மேலே நீர் வற்றுகிறது. காட்டுப் புல்லைவிட வாழையும் கரும்பும் சுவையும் சத்தும் மிக்கவை என்பதை ஒருமுறை கண்ட யானை மறக்காது. இவற்றில் எதுவும் பழிவாங்குதல் அன்று. பசி, வழி, பழக்கம் ஆகிய மூன்றுமே.

என் மனத்தடை முழுவதும் இங்கேதான் திரண்டு நிற்கிறது. ஹாத்தியின் கதை யானைக்கு அளிக்கும் பெருமை, நினைவும் பழியும் கொண்ட நீதிபதி என்ற பெருமை, மெய்யான யானைக்கு எதிராகவே திரும்பிவிடுகிறது. தோட்டம் இழந்த ஒருவர் என்னிடம், “வேணும்னே என் தோட்டத்துக்குத்தான் வருது சாமி, பழி வச்சிருக்கு” என்றார். பசியோடு வருவதைத் தடுக்கலாம், திசைதிருப்பலாம். பழியோடு வருகிறது என்று எண்ணிவிட்டால் அடுத்த எண்ணம் என்னவாக இருக்கும்? தமிழகத்தில் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி யானைகள் மாண்ட செய்திகளை நாம் நாளிதழில் வாசித்திருக்கிறோம். வேலியில் மின்சாரம் பாய்ச்சுகிறவர் எல்லாரும் கொடியவர் அல்லர். அவர்களில் சிலர் நம் திருப்பலிக்கு வருகிறவர்களாகவும் இருக்கலாம். கடனுக்கு வாங்கிய கன்றும் உரமும் ஓரிரவில் போனால் மனிதன் என்ன செய்வான் என்பதைக் கோவில் வளாகத்தில் இருந்துகொண்டு சொல்லிவிட முடியாது.

குருமடத்தில் நாங்கள் படித்த அக்குவினா தோமையார், விலங்கை வதைப்பது தவறு, ஏனெனில் அப்பழக்கம் மனிதனை வதைக்கவும் துணியச் செய்யும் என்றார். அந்த வாதத்தில் விலங்குக்காகவென்று ஒன்றும் இல்லை. எல்லாம் மனிதனை நோக்கியே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ திருமடல், ஒவ்வோர் உயிருக்கும் மனிதப் பயனைக் கடந்த மதிப்பு உண்டு என்று மேலும் நெடுந்தூரம் செல்கிறது. ஏற்கிறேன். ஆயினும் தோட்டக்காரர் முன் அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மதிப்புக்குரிய உயிர் தின்ற வாழைக்கு யார் விலை கொடுப்பது? பகீரா கொடுத்த காளைக்காவது ஒரு கணக்கு இருந்தது.

மறுநாள் வகுப்புக்கு நான் இரண்டு கதைகளைக் கொண்டு போனேன். ஒன்று, குப்பியோ நகரத்து ஓநாய். மனிதரையும் தின்று ஊரை நடுங்க வைத்த அந்த ஓநாயைத் தேடிச் சென்ற அசிசி நகர்ப் பிரான்சிஸ், அதன் குற்றங்களை முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னார். ஆனால் அது பசியால் செய்தது என்பதையும் ஏற்றுக்கொண்டார். ஊரார் நாள்தோறும் உணவிடுவது, ஓநாய் எவரையும் தொடாதிருப்பது என்று உடன்படிக்கை. ஈராண்டு வீடுவீடாய் உண்டு வாழ்ந்து மூப்பால் இறந்த அந்த ஓநாய்க்காக ஊரார் வருந்தினார்கள் என்பது மரபு. நூற்றைம்பது கிலோ கேட்கிற விருந்தாளிக்கு இந்த ஏற்பாடு சரிப்படாது என்று நானே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று, இறைவாக்கினர் யோனா. பெரிய மீன், ஆமணக்குச் செடி, அதை அரிக்கும் புழு என்று உயிரினங்கள் நிறைந்த கதை. நினிவே நகரத்தில் மாடும் ஆடும்கூட நோன்பிருந்து சாக்கு உடுத்தின என்றபோது பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. யோனாவின் கோபம் என்னவென்றால், அழிப்பேன் என்று சொன்ன ஊரைக் கடவுள் அழிக்காமல் விட்டுவிட்டாரே என்பது. ஊருக்கு வெளியே உட்கார்ந்து, எப்போது அழியும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். யானைகள் வருவதற்காகக் காத்திருந்து கைதட்டிய என் வகுப்பைப் போல. அந்நூல் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது: வலக்கை இடக்கை தெரியாத இலட்சத்து இருபதாயிரம் பேரும், அதோடு ஏராளமான கால்நடைகளும் உள்ள ஊருக்காக நான் இரங்கக்கூடாதா என்று கடவுள் கேட்கிறார். யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை.

“கால்நடையையும் எண்ணுனாராக்கும்?” என்றான் அந்தச் சிறுவன். ஆம் என்றேன். அவனுக்கு அது போதுமானதாக இருந்ததா என்று தெரியவில்லை, தலையை ஆட்டிக்கொண்டான். அந்த வகுப்பில் ஹாத்தியின் கதையை நான் தொடரவில்லை. தொடரவேண்டாம் என்று முடிவு செய்துதான் போனேன். இந்நூலைப் பிள்ளைகளுக்குச் சொல்வதையே விட்டுவிடலாம் என்றும் எண்ணியிருந்தேன்.

வகுப்பு முடிந்த மறுவாரம் அவன் தகப்பனார் என்னைத் தோட்டத்துக்கு அழைத்தார். மிஞ்சிய வாழைக்குக் காவல். இரவில் யானை என்ற சொல்லை அவர் சொல்லமாட்டார், ‘பெரியவரு’ என்பார். பரண்மேல் நாங்கள் மூவரும் அமர்ந்திருந்தோம். கையில் விளக்கு, பக்கத்தில் தகரமும் வெடியும். மலைப்பக்கம் இருட்டு அப்பிக் கிடந்தது. பத்து மணிக்கு மேல் தூக்கம் வராமலிருக்க ஏதாவது கதை சொல்லும்படி பையன் கேட்டான். யோனா கதையைத் தொடங்கினேன்.

“அது வேண்டாம் சாமி. அந்த ஹாத்தி கதையச் சொல்லுங்க.”

“அதுதான் உனக்குப் பிடிக்கவில்லையே?”

“ஊருக்குள்ள வந்தது வேண்டாம். அதுக்கு முந்தி ஒண்ணு சொன்னீங்கள்லா, குழிக்குள்ள விழுந்து முளை குத்துனது. அதச் சொல்லுங்க.”

அப்படி ஒரு பகுதி உண்டு. மௌக்லி கேட்பதற்குப் பல காலம் முன்பே, மனிதர் வெட்டிய பொறிக்குழியில் விழுந்து, உள்ளே நட்டிருந்த கூர்முளை கிழித்து, காயம் ஆறும்வரை ஹாத்தி காத்திருந்தது. பின்னர் தன் மக்களோடு பரத்பூர்ப் பக்கத்து ஐந்து ஊர்களை அழித்தது. அந்தக் காயத்தின் வெள்ளைத் தழும்பு அதன் உடம்பில் கடைசிவரை இருந்தது. வகுப்பில் நான் இரண்டு வரியில் சொல்லிக் கடந்த இடம் அது.

“ரொம்ப வலிச்சிருக்குமோ?” என்றார் தகப்பனார்.

குழியிலிருந்து தொடங்கினேன். பாதி சொல்லும்போது கீழே, ஓடைக்கு அப்பால், மரக்கிளை ஒன்று முறியும் ஓசை கேட்டது. அவர் விளக்கை அணைத்துவிட்டுத் தகரத்தின்மேல் கையை வைத்தார். பையன் என் அங்கியைப் பிடித்துக்கொண்டான்.